வைட்டமின்தானே டாக்டர்

இத எழுதட்டுமான்னு தேவகி கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுதான் குந்தினேன். மூஞ்சி என்னுது, ஆனா கத பாதிக்கு மேல அவளுது. அரிசி களைஞ்சிகினு இருந்தவ திரும்பிக் கூட பாக்கல. "எழுதேன். அந்த டியூப்ப எத்தினி வூட்ல தலகாணிக்கு அடியில வெச்சினு கீறாளுங்களோ. படிச்சிட்டாவது தூக்கிப் போடட்டும்"னா. அப்பால கொஞ்ச நேரம் கழிச்சி, "என் பேர போடு. மறைக்காத"ன்னா. அதனால போடறேன். தேவகி, என் பொண்டாட்டி.

நா ஏழுமல, வெல்டரு. வூடு திருவொத்தியூர்ல. வேல எண்ணூர் ரோட்டுல, கன்டெய்னர் ரிப்பேர் பண்ற யார்டுல. கப்பல்ல சுத்திட்டு வர்ற பொட்டிங்க நசுங்கி, துரு புடிச்சி, ஓட்ட வுழுந்து வரும். ஓட்டைய வெட்டி எடுத்துட்டு புதுத் தகடு வெச்சி பத்த வெக்கறது எங்க பொழப்பு. முழுசா பத்த வெக்கறதுக்கு முன்னாடி தகடு நகராம நிக்க அங்கங்க ஒரு புள்ளி வெப்போம். டேக்குன்னு பேரு. அந்த ஒரு ஒரு புள்ளிக்கும் மாஸ்க்க எறக்கி, ஏத்தி, மறுபடி எறக்கி எவன் மாரடிப்பான்? கண்ண இறுக்க மூடிக்க வேண்டியது, மூஞ்ச இடது பக்கம் திருப்பிக்க வேண்டியது, டப்புன்னு ஒண்ணு வெக்க வேண்டியது. எங்க யார்டுல எல்லாரும் அப்டிதான். பழைய வெல்டர் எவன வேணா பாருங்க, வலது கன்னம் மட்டும் தனியா கருத்துக் கெடக்கும்.

நா அதப் பத்தி ஒரு நாளும் கவலப்பட்டவன் இல்ல. எங்க பொண்ணு பவித்ராவுக்கு நிச்சயம் ஆச்சி. தை மாசம் கல்யாணம்னு பேச்சி. நிச்சயத்துல எடுத்த ஃபோட்டோவ பாத்துட்டு மாப்ள வூட்டு ஆளு ஒர்த்தரு, "இன்னா சம்மந்தி, இங்கயும் வெல்டிங் மாஸ்க்கோடவே வந்துட்டீங்களா?"ன்னு வுட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன், ஜோக்கு நல்லா தான கீது! தேவகி மட்டும் சிரிக்கல. அன்னிக்கு ராவே ஃபோன நோண்ட ஆரம்பிச்சிட்டா.

ஃபோன்ல ஒரு பொண்ணு பளபளன்னு குந்திகினு சொல்லுது, வைட்டமின் ஏ போட்டா மங்கு போவும், சுருக்கம் போவும், தோலு புதுசா வரும்னு. மெடிக்கல் ஷாப்ல போயி மங்குக்கு வைட்டமின் கிரீம் குடுன்னு கேட்டிருக்கா. ஒரு சின்ன டியூப்பு குடுத்தாங்க. சீட்டும் கேக்கல, டாக்டரும் கேக்கல. எங்க தெருவுல பாதி பொம்பளைங்க அதத்தான் போடறாங்கன்னு அப்பால தெரிஞ்சிது.

டெய்லி சாப்ட்டு படுத்தா, பக்கத்துல வந்து குந்துவா. "கண்ண மூடு"ம்பா. மூடுவேன். மஞ்ச பூசற மாதிரி நெத்தி, கன்னம், மூக்கு எல்லாம் பட்டையா இழுப்பா. "இவ்ளோவாமே?"ன்னா, "சத்து தான? கம்மியா போட்டா எப்டி ஏறும்?"னு கேப்பா. கல்யாணம் ஆன புதுசுல கூட அவ என் மூஞ்ச அப்டி தொட்டது கெடையாது. எங்களுக்கெல்லாம் அதுக்கு எங்க நேரம் இருந்துச்சி. அவ கை வெங்காயம் வாசன அடிக்கும், ஜில்லுன்னு இருக்கும். கிரீமு வேல செஞ்சா செய்யட்டும், செய்யாட்டி போவட்டும், இந்தக் கை வந்துகினே இருந்தா போதும்னு நெனச்சிகினு கெடப்பேன்.

வேல செஞ்சிது அது. கொஞ்ச நாள்லயே மூஞ்சி வெளுத்துப் போச்சி. கூட வேல செய்ற பாஷா, நம்ம தோஸ்து, "இன்னா மாமு, பொண்ணுக்கு கண்ணாலமா உனக்கு கண்ணாலமா?"ன்னு ஓட்டினான். அப்பால எரிய ஆரம்பிச்சிது. மூஞ்சி கழுவினா எரியும், வேர்த்தா எரியும். தோலு பொடுக்கு பொடுக்கா உரிஞ்சி வரும். ஒரு நா பொட்டிக்கு உள்ள நெறைய டேக்கு. சாயங்காலம் வலது பக்கம் தீஞ்ச மாதிரி செவந்து, கண்ணு வரைக்கும் உப்பிகிச்சி.

"ஆர்க்கு அடிச்சிருக்கு மாமு"ன்னான் பாஷா. வெல்டிங் வெளிச்சம் தோல சுடறத அப்டிதான் சொல்லுவோம். அதுக்கு எங்க வைத்தியம் உருளக்கெழங்கு. எங்கப்பன் காலத்து வெல்டருங்க கூட அதத்தான் வெச்சாங்க. பச்சையா துருவி, ஈரத் துணியில வெச்சி, கண்ணுலயும் கன்னத்துலயும் கட்டிகினு படுத்துட்டேன். உரிஞ்ச தோலு, யார்டு கலீஜ் எல்லாம் ஒட்டின மூஞ்சி, அது மேல ஊறிப் போன கெழங்கு. காலைல எழுந்தா வலது கண்ணு தொறக்கல. குளுரு தூக்கிப் போடுது. தேவகி துணிய எடுத்துப் பாத்துட்டு, "ஐயோ"ன்னு வாய பொத்திகினா.

அரசாங்க ஆஸ்பத்திரி. கும்பல சொல்லவே வேணாம். ஓப்பி சீட்டுக்கு ஒரு வரிச, டாக்டருக்கு ஒரு வரிச, ரத்தம் குடுக்க ஒரு வரிச. பெஞ்சில எடம் இல்ல. தேவகி அவ முந்தானைய கீழ விரிச்சி என்ன செவுத்துல சாஞ்சி குந்த வெச்சா. போறவன் வர்றவன் எல்லாம் என் மூஞ்ச பாத்துட்டு ரெண்டடி தள்ளி நின்னான். மூஞ்சிக்கு வந்தா மட்டும் மனுசனுக்கு மறைக்க எடமே இல்ல.

டாக்டரு கண் எமைய பிரிச்சி டார்ச்சு அடிச்சிப் பாத்தாரு. "சுகர் இருக்கா? பிரஷர்? வேற எதாவது மருந்து எடுக்கறீங்களா?"ன்னு கேட்டாரு. இல்லன்னேன். தேவகியும் இல்லன்னா. நாங்க பொய் சொல்லல. எங்களுக்கு அது மருந்தே இல்ல. மருந்துன்னா கசக்கணும், இல்லன்னா ஊசில ஏத்தணும். மூஞ்சில தடவற சத்த எவன் மருந்துன்னு கணக்குல சேப்பான்?

செல்லுலைட்டிஸ்னு எழுதினாங்க. தோலுக்கு அடியில கீற சதைக்குள்ள கிருமி பூந்துக்கறது. காலுல வந்தா கூட அவ்ளோ பயம் இல்லியாம். மூஞ்சில, அதுவும் கண்ணு ஓரத்துல வந்தா, கண்ணு குந்திகினு கீற எலும்புக் குழிக்குள்ள எறங்கிடும். எறங்கினா பார்வ போவும். அத பாக்க சிடி ஸ்கேனு. ஒரு வளையத்துக்குள்ள படுக்க வெச்சி தலைய சுத்தி படம் புடிக்கறது, வலி ஒண்ணும் இல்ல. குழிக்குள்ள போவலன்னு வந்துச்சி. ஆனா போவாதுன்னு எவனும் சொல்லல. அட்மிஷன் போட்டு டிரிப்ஸ் ஏத்தினாங்க. வலது கன்னத்துல புண்ணு மேல மருந்து வெச்சி, பஞ்சு வெச்சி, மூக்கு ஓரம் வரைக்கும் பிளாஸ்திரி ஒட்டினாங்க.

வார்டு வாழ்க்கைய இன்னான்னு சொல்றது. ஃபேனு சுத்தும், காத்து வராது. பக்கத்து கட்டில் இருமும், எதிர் கட்டில் பொலம்பும். ராவுல தூக்கம் புடிக்கற நேரம் பாத்து கைல பிரஷர் பட்டைய சுத்துவாங்க. நா படுத்துகினு ஒரே கணக்குதான் போட்டேன். ஒத்தக் கண்ணு வெல்டர எந்த யார்டு வெச்சிக்கும்? ஆஸ்பத்திரில பில்லு கில்லு ஒண்ணும் இல்ல, சரி. வேலைக்குப் போவாத நாளுக்கு எவன் கூலி குடுப்பான்? தை மாசம் மேடைல கண்ணு இல்லாம நின்னா, அந்த ஜோக்கு அடிச்சவரு இன்னா சொல்லுவாரு? யோசிச்சி யோசிச்சி மண்டை காஞ்சி போச்சி.

எங்க அக்கா சரோஜா வந்தா. என் கூடப் பொறந்தவ, வாய் கொஞ்சம் நீளம். வந்த உடனே தேவகிய ஒரு மொற மொறச்சா. "என் தம்பிய நல்லாதான குடுத்தோம்"னா. ரெண்டு புள்ளைய பறிகுடுத்துட்டு ஒரே பொண்ணு தங்கினதுலேர்ந்து, எங்கூட்ல எது நடந்தாலும் அவளுக்கு தேவகி ராசிதான் காரணம். தேவகி என் போர்வைய இழுத்து சரி பண்ணா. அக்காவ அவ ஒரு நாளும் எதுத்துப் பேசினது இல்ல.

தேவகி செஞ்சதெல்லாம் இங்க எழுதியே ஆவணும். காலைல மொத பஸ்ஸ புடிச்சி சோறு எடுத்துகினு வருவா. வாய தொறந்தா வலிக்குதுன்னு சோத்த கொழைச்சி, ரசம் வுட்டு, கைலயே மசிச்சி ஊட்டுவா. ஒரு கட்டில் காலி ஆனதும் நர்ஸம்மா கிட்ட கெஞ்சி என்ன ஜன்னல் ஓரத்துக்கு மாத்தினா. "நல்லா வெளிச்சம் வரும், காத்து வரும்"னா. மத்தியானத்துக்கு மேல அந்த ஜன்னல்ல வெயிலு நேரா என் இடது பக்கம் அடிக்கும். சாயங்காலம் கெளம்பறதுக்கு முன்னாடி பக்கத்துல குந்தி, "கண்ண மூடு"ம்பா. ஒரு கண்ணு ஏற்கெனவே மூடித்தான் கெடக்குது. இன்னொன்ன மூடுவேன்.

ஆமா. டியூப்ப அவ எடுத்துகினுதான் வந்திருந்தா. புண்ணு பக்கம் தொடல, அத டாக்டரு பாத்துக்குவாருன்னு வுட்டுட்டா. பிளாஸ்திரி இல்லாத இடது கன்னத்துலயும் மூக்குலயும் நெத்தியிலயும் மட்டும் போட்டா. எனக்கு புரியலன்னு கேட்டதுக்கு, "அந்தப் பக்கம் ஆறி புதுத் தோலு வரும்யா. இந்தப் பக்கம் பழசாவே கெடந்தா ரெண்டு கலர்ல நிப்ப. கல்யாணம் ஃபோட்டோ கீதே"ன்னா. முன்ன விட ரெண்டு பங்கு போட்டா. எனக்கு காச்சல் வேற. அவ கை பட்டா கொஞ்சம் நல்லா இருந்துச்சி.

வலது பக்கம் வீக்கம் எறங்க ஆரம்பிச்சிது. கண்ணு கீத்தா தொறந்துச்சி. டாக்டரு கூட, "பரவால்ல, தேறிட்டீங்க"ன்னாரு. மறுநா காலைல ரவுண்ட்ஸ் வந்தவரு என் இடது பக்கத்த பாத்துட்டு அப்டியே நின்னுட்டாரு. இடது கன்னம் செவந்து, கண்ணுக்குக் கீழ உப்பிகினு இருந்துச்சி.

டாக்டருங்க பேச்சி இங்கிலீசுக்கு மாறிடிச்சி. அதுவே பாதி உயிர வாங்கிடும். விரல காமிச்சி இப்டி பாரு அப்டி பாருன்னாங்க. தலவலி கீதா, வாந்தி வருதான்னு கேட்டாங்க. அப்பால தேவகியையும் அக்காவையும் கிட்ட கூப்ட்டு சொன்னாங்க. ரெண்டு கண்ணுக்கும் பின்னால, மூளைக்கு அடியில, ரத்தம் வந்து சேர்ற ஒரு எடம் கீதாம். மூஞ்சில கீற கிருமி அங்க போயி ரத்தம் கட்டிகிச்சின்னா, ஒரு கண்ணுல இருந்தது அடுத்த கண்ணுக்கும் தாண்டுமாம். அப்டி தாண்டியிருந்தா கண்ணு மட்டும் இல்ல, உயிருக்கே ஆபத்து. இன்னொரு ஸ்கேனு எடுக்கணும், தோல் டாக்டரும் வந்து பாக்கணும்னாங்க.

அக்கா நெஞ்சில அடிச்சிகினு அழுதா. "ரெண்டு கண்ணுமாடா போச்சி"ன்னு வார்டே திரும்பிப் பாக்கற மாதிரி கத்தினா. எனக்கு அழுவ கூட வரல. ரெண்டு கண்ணையும் தொறந்து, தெரியற வரைக்கும் பாத்துக்குவோம்னு ஃபேன பாத்தேன், செவுத்த பாத்தேன், கட்டில் காலாண்ட நின்னுகினு இருந்த தேவகிய பாத்தேன். அவ என் கால புடிச்சிகினு நின்னா.

தோல் டாக்டரு ஒரு பொம்பள. சின்ன வயசுதான், அலுத்துப் போன மூஞ்சி, ஆனா அவசரப்படல. வலது பக்கம் லேசா அமுக்கி, "வலிக்குதா, எரியுதா?"ன்னாங்க. வலிக்குதுன்னேன். இடது பக்கம் அமுக்கி அதே கேள்வி. எரியுதுன்னேன். வலியே இல்லையான்னாங்க. இல்ல, எரிச்சலும் அரிப்பும்தான்னேன். அப்பால பிளாஸ்திரி ஓரத்த மெதுவா தூக்கிப் பாத்தாங்க. இடது பக்கத்து செவப்பு, மூக்காண்ட பிளாஸ்திரி ஆரம்பிக்கற எடத்துல கோடு போட்ட மாதிரி நின்னு போயிருந்துச்சி. அதுக்கு அடியில மூக்கு ஓரம் பழைய கலர்லயே இருந்துச்சி.

அவங்க என் கிட்ட கேக்கல. தேவகி பக்கம் திரும்பி, "அம்மா, முகத்துல வேற என்ன போடறீங்க? எண்ணெய், பவுடர், க்ரீம், எதுவா இருந்தாலும் சொல்லுங்க"ன்னாங்க.

தேவகிக்கு மூஞ்சில ஒரு வெளிச்சம் வந்துச்சி பாருங்க, அத நா மறக்கவே மாட்டேன். நல்லா கவனிச்சிக்கறோமான்னுதான் டாக்டரம்மா கேக்கறாங்கன்னு நெனச்சிகினா. சோத்துப் பைக்குள்ள கைய வுட்டு, ஊறுகா டப்பாக்கு அடியிலேர்ந்து டியூப்ப எடுத்து தொடைச்சி குடுத்தா. "ஒரு நா கூட வுடல டாக்டர். இங்க வந்தும் போட்டுகினுதான் கீறேன். வேற ஒண்ணும் இல்ல, வைட்டமின்தானே டாக்டர்"னா.

டாக்டரம்மா டியூப்ப திருப்பித் திருப்பி படிச்சாங்க. திட்டல. மெதுவாத்தான் சொன்னாங்க. அது வைட்டமின் ஏ குடும்பத்து மருந்துதானாம். ஆனா கேரட்டுல, கீரையில கீற சத்து மாதிரி இல்ல. பழைய தோல வேகமா உரிச்சி வுட்டு புதுத் தோல மேல கொண்டாந்துடும். அந்தத் தோலு பச்சக் கொழந்த தோலு மாதிரி, வெயிலே ஆவாது. டாக்டர் பாத்துக் குடுத்து, ராவுல ஒரு பட்டாணி அளவு போட்டு, பகல்ல வெயிலு படாம காப்பாத்தினா நல்ல மருந்துதானாம். பட்டையா பூசிகினு போயி வெல்டிங் வெளிச்சத்துல காமிச்சா? அதுவும் அந்த டியூப்புல அது மட்டும் இல்ல. வெளுக்க வெக்கற மருந்து ஒண்ணு, ஸ்டீராய்டு ஒண்ணு, மொத்தம் மூணு. ஸ்டீராய்டு தோல மெலிசாக்கி, கிருமி வந்தா எதுத்து நிக்கற தெம்பையும் கொறச்சிடும். "இந்தப் பக்கம் கிருமி இல்லம்மா, கிருமின்னா பிளாஸ்திரி ஓரத்துல கோடு போட்டு நிக்காது. க்ரீம் எரிச்சதுதான்னு நினைக்கிறேன். ஸ்கேன்ல உறுதி பண்ணிக்கலாம். ஆனா அந்தப் பக்கம் கிருமி வர்றதுக்கு வழி பண்ணதும் இதுதான்"னாங்க.

தேவகி கைய பாத்தா. அவ கைய அவளே, ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தா.

அக்கா வுடுவாளா? "அடிப்பாவி! என் தம்பி கண்ணுல கொள்ளி வெச்சிட்டியேடி!"ன்னு ஆரம்பிச்சா. எனக்கு எங்கேர்ந்து வந்துச்சோ கோவம், டிரிப்ஸ் ஊசி ஆடற மாதிரி எழுந்து குந்திட்டேன். "இன்னா அக்கா கத்தற? வாங்கியான்னு சொன்னது நானு. போடு போடுன்னு நச்சரிச்சது நானு. ஃபோட்டோல ஷோக்கா வரணும்னு எனக்குதான் ஆச. அவள ஒரு வார்த்த பேசின, நா இப்டியே கெளம்பி போயிருவேன்"னேன். சுத்தப் பொய். அக்கா வாய மூடிகினா. தேவகி என்ன நிமிந்து பாக்கல. சோத்துப் பைய எடுத்துகினு வராண்டாவுக்குப் போயிட்டா. சத்தமே வராம அழுதுகினு இருந்தான்னு அப்பால பவித்ரா சொல்லுச்சி.

ஸ்கேன்ல தலைக்குள்ள ஒண்ணும் இல்லன்னு வந்துச்சி. கிரீம நிறுத்தினதும் கொஞ்ச நாள் மூஞ்சி இன்னும் மோசமா செவந்துச்சி. ஸ்டீராய்ட நிறுத்தினா அப்டிதான் பண்ணும், பயப்படாதீங்கன்னு டாக்டரம்மா முன்னாடியே சொல்லி வெச்சிருந்தாங்க. மெல்ல அடங்கிச்சி. வலது கண்ணு முழுசா தொறந்துச்சி, எழுத்துப் பலகைல கடைசி வரி வரைக்கும் படிச்சேன். எமை கொஞ்சம் எறங்கி நிக்கும், அது அப்டியேதான் நிக்கும்னாங்க. நின்னுட்டு போவட்டும்.

வூட்டுக்கு வந்தாச்சி. ஆனா தேவகி வரல, அப்டிதான் சொல்லணும். சோறு போடுவா, துணி தொவைப்பா, எல்லாம் செய்வா. என்ன தொடமாட்டா. கண்ணுக்கு சொட்டு மருந்து வுடணும், பவித்ராவ கூப்புடுவா. "நீ வுடேன்மே"ன்னா, "என் கை ஆவாது"ம்பா. நா எவ்ளோவோ சொல்லிப் பாத்தேன். தெரியாம பண்ணதுதான, நானும்தான கண்ண மூடிகினு படுத்திருந்தேன்னு. "நீ எனக்காவ அக்கா கிட்ட பொய் சொன்ன பாரு, அதான்யா எனக்கு தாங்கல"ன்னு ஒரு நா சொன்னா.

மறுபடி வேலைக்குப் போறேன்னதும் டாக்டரம்மா ரெண்டு கண்டிஷன் போட்டாங்க. ஒரு புள்ளியா இருந்தாலும் மாஸ்க்கு போடணும். காலைல சன்ஸ்க்ரீன் பூசணும், வெயில தடுக்கற கிரீமு. மாஸ்க்கு சரி, பாஷாவே ஏத்தி எறக்க ஆரம்பிச்சிட்டான், என் மூஞ்ச பாத்த பயம். கிரீமுதான் எனக்கு பேஜாரு. கண்ணாடில பாத்து பூசினா காதாண்ட திட்டுத் திட்டா நிக்குது, எமை ஓரம் வுட்டுப் போவுது. தேவகி தூரத்துலேர்ந்து பாப்பா, திரும்பிக்குவா. அவளாண்ட டியூப்ப நீட்டினேன். கைய பின்னால கட்டிகினா.

பவித்ரா கல்யாணத்துக்கு முந்தின வாரம். வேலைக்கு கெளம்பறேன், தேவகி அடுப்பாண்ட நிக்கறா. இடது கன்னத்துல வெள்ளையா ஒரு திட்டு. கோல மாவோன்னு நெனச்சேன். கிட்ட போனா வாசன தெரிஞ்சிது, என் சன்ஸ்க்ரீன்.

"இன்னாமே இது?"

"ஒண்ணும் இல்ல."

"எத்தினி நாளா?"

மொத்தக் கொழம்பையும் கிண்டி முடிச்சிட்டுதான் சொன்னா. "நீ வாங்கியாந்ததுலேர்ந்து. மொதல்ல கைல போட்டுப் பாத்தேன். அப்பால கழுத்துல. இப்ப மூஞ்சில. மத்தியானம் வெயில்லயும் போயி நின்னு பாத்துட்டேன். செவக்கல, எரியல."

டியூப்ப எடுத்து அவ கைல வெச்சேன். அவ முந்தானைல கைய நல்லா தொடைச்சிகினு, டாக்டரம்மா சொன்ன அளவுக்கு விரல்ல எடுத்து, என் வலது கன்னத்துல வெச்சா.

"கண்ண மூடு"ன்னா.

நா மூடல. அவளையே பாத்துகினு நின்னேன்.